மஞ்சள் ஏறாத இடம்

முதலில் அவன் அதைக் கறை என்றுதான் நினைத்தான். ஈரத்துணியால் துடைத்தான், போகவில்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் தேய்த்தான். பஞ்சு கறுத்ததே தவிர அது அப்படியே இருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெட்டியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெட்டி முழுக்கத்தான் கறை. அந்த ஓரிடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

நாற்பது வருடப் பழைய வீடியோ கேம் பெட்டி அது. டிவியோடு இணைத்து, மேலே கேசட்டைச் செருகி, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுவது. வாங்கிய புதிதில் பால்வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது ஆறிப்போன டீயின் நிறம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சீக்கிரம் தீப்பிடிக்கக் கூடாது என்று அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் ஏதோ மருந்து கலப்பார்கள், வெயில் பட்டுப் பட்டு அது மஞ்சளேறும். வெயில் படாத இடம் அப்படியே வெள்ளையாக நிற்கும். மூடிமேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு வருஷக்கணக்கில் மறந்துபோனால், எடுக்கும்போது அந்தப் புத்தகத்தின் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் கிடைக்கும். ஸ்டிக்கர் இருந்த இடம், டேப் ஒட்டிய இடம், மேலே இன்னொரு பெட்டியை அடுக்கிய இடம் என்று அவன் எத்தனையோ பார்த்தாயிற்று.

இந்த மூடியில் வெள்ளையாக நின்றது நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல், ஒரு உள்ளங்கை.

தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். உள்ளங்கை கச்சிதமாகப் பொருந்தியது. விரல்கள் பொருந்தவில்லை. அவனுடைய நகம் முடிந்த இடத்துக்கு அப்பாலும் வெள்ளை இன்னும் ஒரு கணு நீளம் போய், பெட்டியின் விளிம்பில் மடங்கி, பக்கச் சுவரில் இறங்கியிருந்தது.

"என்னங்க, பொட்டிக்குக் கைரேகை பாக்குறீங்களா?" வாசலில் மனைவி. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பார்லர் சாவி.

"இங்க பாரேன். கை மாதிரி இல்ல?"

எட்டிப் பார்த்தாள். "யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. இதுக்குப் போய் காலைலேர்ந்து உக்காந்திருக்கீங்களா? நல்லா வந்து வாய்ச்சீங்க."

ஸ்டிக்கர் என்றால் பசை இருக்கும், ஸ்பிரிட் பட்டால் பிசுபிசுக்கும். பிசுபிசுக்கவில்லை. ஆனாலும் ஸ்டிக்கர் என்பது நிம்மதியான பதில், அதனால் அவன் தலையாட்டிவிட்டு டீயை வாங்கிக்கொண்டான்.

அவன் தொழில் பல் கட்டுவது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவன் லேபில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்து கொடுப்பான். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, பதினாறு மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்த ஒரு ஷேடு கார்டு எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். பி-ஒன் என்றால் பளிச்சென்ற வெள்ளை, சி-ஃபோர் என்றால் முப்பது வருடம் சிகரெட் பிடித்தவரின் பல். இதே கார்டை வைத்துத்தான் வீட்டிலுள்ள முப்பத்தொரு கேம் பெட்டிகளையும் அளந்து, எண் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். மற்ற கலெக்டர்கள் "லேசா மஞ்சள்", "கொஞ்சம் மஞ்சள்" என்று மழுப்புவார்கள். இவன் "ஏ-டூ" என்பான். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இவனுக்குப் பெயரே பல்லு.

முப்பத்திரண்டாவதாக வந்தது இந்தப் பெட்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த டிவி மெக்கானிக்கிடமிருந்து வாங்கியது. கடையை இழுத்து மூடிவிட்டு மகன் வீட்டோடு போகப்போவதாகச் சொல்லி, அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். கடையின் தெருப்பக்க ஜன்னலில், வெயில் நேராக விழுகிற இடத்தில் இருந்தது பெட்டி. "நீயே எடுத்துக்க தம்பி, எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு" என்றார். இடுப்பு பிடித்த அதே மனிதர் அடுத்த நிமிடம் ஒரு பழைய பெரிய டிவியைத் தனியாளாகத் தூக்கி வேனில் ஏற்றினார். அப்போது அவன் அதைக் கவனித்தான், ஆனால் யோசிக்கவில்லை. கையில் கிடைத்த பொருளின் சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மஞ்சளை எடுக்க வழி இருக்கிறது. தலைமுடிக்குச் சாயம் ஏற்றுமுன் பார்லரில் ஒரு வெளுக்கும் க்ரீம் பூசுவார்கள். அதையே பெட்டிமேல் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, உச்சி வெயிலில் வைத்து, அரைமணிக்கு ஒருதரம் திருப்பிக்கொண்டே இருந்தால் பழைய வெள்ளை வந்துவிடும்.

"என் கஸ்டமர் தலைக்கு வாங்கி வச்ச க்ரீம், உங்க பொட்டிக்கா?" என்றாள் மனைவி.

"இதுதான் கடைசி. சத்தியமா."

"சனிக்கிழமை கட்டில் வருது. அன்னிக்கு அந்த ரூம்ல ஒரு வயர் கெடந்தாலும், வயரோட சேர்த்து உங்களையும் தூக்கி வெளிய போட்டுடுவேன்."

பெட்டிகள் இருந்த அந்த அறை இனிப் பட்டாணிக்கு. பட்டாணி அவர்கள் மகள், ஒன்றாம் வகுப்பு, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினால் இவனுக்குக் காய்ச்சல் வரும். தனி அறை, தனிக் கட்டில் என்று பத்து நாளாக வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு பெட்டிகளையும் அட்டைப் பெட்டியில் கட்டி லேபுக்குக் கொண்டுபோவதாக அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். கட்டுவதற்கு முன்னால் இந்த ஒன்றை மட்டும் வெளுத்துவிட்டால் மனசு ஆறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பட்டாணி உட்கார்ந்து சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் அரைமணியில் பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் முழுக்க ஆவி பிடித்து முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மூடியின் நடுவில் மட்டும் ஒரு துளிகூட இல்லை. இரண்டாவது தரம் திருப்பும்போது தாள் எல்லா இடத்திலும் உப்பி நின்றது, அங்கே மட்டும் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக அமுங்கிக் கிடந்தது, மேலேயிருந்து ஏதோ அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரி. விரல்விட்டுக் கிளப்பினான். கிளம்பியது. விரலை எடுத்ததும் மெதுவாக மறுபடி படிந்தது.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டான். மாடிக் கொடியில் தொங்கிய துணி ஆடாமல் நின்றது.

நாலு மணிக்குத் தாளைப் பிரித்து, குழாயடியில் கழுவி, துடைத்துத் தூக்கிப் பார்த்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடையிலிருந்து நேற்று வாங்கிப் பிரித்தது போல அப்படி ஒரு வெள்ளை. ஷேடு கார்டை எடுத்து வைத்துப் பார்த்தான். மூலைக்கு மூலை பி-ஒன். கை இருந்த இடம் எது, இல்லாத இடம் எது என்று அவன் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டான். "பல்லு, நீ தெய்வம்யா" என்று பதில்கள் குவிந்தன. படி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. மணிக்கணக்கில் ஓடிய பழைய டிவியின் முதுகில் வருமே, சூடேறிய தூசி வாடை, அது. வெயிலில் காய்ந்த பெட்டிதான் கையில் இருந்தது, அதனால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கள் கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வாய்க் கிழமை மாலை பெட்டிகளைக் கட்ட அட்டையும் டேப்புமாக அந்த அறைக்குள் போனான். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, அதன்மேல் இரட்டைத் திரை போட்ட அறை அது. மஞ்சளுக்குப் பயந்து நாலு வருடமாக அங்கே வெயிலை அவன் எட்டிப் பார்க்கக்கூட விட்டதில்லை. விளக்கைப் போட்டதும் அந்த வாடை. தொடர்ந்து அலமாரியில் ஒரு சின்னச் சத்தம், காலிப் பிளாஸ்டிக் டப்பாமேல் யாராவது கையை ஊன்றினால் வருகிற "நெக்" என்ற சத்தம். ஏழாம் எண் பெட்டியைக் கையில் எடுத்தான். நோட்டில் ஏ-ஒன் என்று எழுதியிருந்தது, அவன் கையெழுத்துதான். இப்போது அது ஏ-ஃபோர். மூன்று படி. இருட்டு அறையில், இரண்டே நாளில்.

திருப்பினான். மூடியில் கை.

எட்டாம் பெட்டியிலும் இருந்தது. பதினொன்றில் இருந்தது, அதில் கொஞ்சம் சாய்வாக, தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்த மாதிரி. டிவியைப் பார்த்துச் சுடுகிற பொம்மைத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தான். அதன் பிடியைச் சுற்றி ஐந்து விரல்களும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்திருந்தன. வெயிலில் முப்பது வருஷம் கிடந்தால் ஏறுகிற மஞ்சள், அந்த முப்பது வருஷமும் யாரோ எடுக்காமல் கையை வைத்திருந்தால் நிற்கிற வெள்ளை. இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, அறையைப் பூட்டினான். பூட்டிய பிறகு, பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

புதன் கிழமை காலை, அந்த அறைக்கு வெளியே சுவரிலிருந்த சுவிட்சுப் பலகை மஞ்சளாகியிருந்தது. அதன் ஓரத்தில் நான்கு விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.

மாலையில் ஃபிரிட்ஜ். கதவின் மேல் விளிம்பில் நான்கு விரல் நுனிகள் தெரிந்தன, உள்ளங்கை அதற்கும் மேலே, ஃபிரிட்ஜின் தலையில், அவன் எக்கினாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அப்பியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தான். அந்த உயரத்தில் இயல்பாகக் கையை ஊன்றுகிற ஒன்று எவ்வளவு உயரம் இருக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. போடாதே என்று அதை அதட்டினான்.

"அங்க ஏறி என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பல்லி."

"பல்லிக்கா மொகம் இப்படிப் பேயறஞ்ச மாதிரி ஆச்சு?"

அவளிடம் சொல்லலாம்தான். எப்படிச் சொல்வது? ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டது என்பாள், துடைக்கச் சொல்லி அவனிடமே துணியைக் கொடுப்பாள். ஷேடு கார்டை வைத்து அளந்து பழகாதவர்களுக்கு மஞ்சள் வெறும் மஞ்சள்தான். இரவு பட்டாணியைத் தங்களுக்கு நடுவில் படுக்கவைத்துக்கொண்டான். அறை, சுவிட்சு, ஃபிரிட்ஜ். அறையிலிருந்து இந்தப் படுக்கைக்கு வருகிற வழியில் வரிசையாக இருந்தன எல்லாம்.

வியாழக்கிழமை அவன் லேபிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். கூடத்தில் பட்டாணி தன் குட்டி வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கால்கள் மஞ்சளாக இருந்தன.

"பட்டாணி. எழுந்திரிடா."

"இருப்பா, ஒரு லைன்தான்."

"எழுந்திரின்னு சொல்றேன்ல!"

அவள் பயந்து எழுந்தாள். முதுகு சாய்கிற பலகையின் மேல்விளிம்பில், பின்னாலிருந்து வளைத்து, எட்டு விரல்கள். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. குழந்தை எழுதுகிறதை யாராவது நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்ப்பார்களே.

அப்படி.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் எறிந்தான். திரும்பி வந்தபோது பட்டாணி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். மனைவி அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. நாற்காலிக் கால் விரிசல் விட்டிருந்தது, விழுந்திருப்பாள் என்று உளறினான். உளறிவிட்டு மாடிக்குப் போய் மெக்கானிக்குக்கு போன் போட்டான்.

"அண்ணே, அந்தப் பொட்டில ஒரு கை இருந்துச்சுல்ல."

"இருந்துச்சுன்னா?" என்றார் மெக்கானிக். குரல் மாறிவிட்டது. "தம்பி. அத வெளுத்துட்டியா?"

"ஆமாண்ணே."

"அடப்பாவி. அதுதான் பேசாம கைய வச்சிக்கிட்டு நின்னுச்சே."

"எது? எதுண்ணே?"

"எனக்கு என்னடா தெரியும், நான் என்ன அது மொகத்தையா பாத்தேன்? கட தொறந்த ரெண்டாம் வருஷம் வந்துச்சு. போன்ல வச்சிது, கவுண்டர்ல வச்சிது, ரிப்பேருக்கு வந்த டிவி மேலெல்லாம் வச்சிது. ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துச்சு. ஒரு நாள் அந்தப் பொட்டில வச்சிது. அதோட சரி. பிடிச்சுப் போச்சு போல. நானும் தொடாம விட்டுட்டேன். இருபத்தாறு வருஷம், எந்தத் தொந்தரவும் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாங்கியிருப்பியா? நீ அலமாரில வச்சுப் பூட்டுற ஆளு. அது பாட்டுக்கு இருக்கும்னு நெனச்சேன். நீ வெளுப்பேன்னு யாரு கண்டா?" அவர் குரல் உடைந்தது. "மறுபடியும் வெயில்ல வச்சுப் பாரு. திரும்ப வந்து கைய வச்சாலும் வைக்கும். அதுக்கு ஒண்ணு பிடிக்கிற வரைக்கும் நிக்காது தம்பி." அப்புறம், தயங்கித் தயங்கி, "வீட்ல கொழந்தைங்க இருக்கா?"

"பொண்ணு. ஆறு வயசு."

"அவள அந்த வீட்ல வைக்காத. மொதல்ல அவள வெளிய அனுப்பு."

வெள்ளிக்கிழமை காலை பட்டாணி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஸ்போர்ட்ஸ் டேவுக்கு டிரில் பழக்குகிறார்களாம். நாள் முழுக்க மைதானத்தில் நிற்கவைக்கிறார்களாம்.

"வெயில்ல கண்ணு கூசுதுப்பா. நான் வீட்லயே இருக்கேன்."

"ஒரு நாள் லீவு போடட்டுமே" என்றாள் மனைவி. "என்கூட பார்லருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம். ஸ்கூலுக்குப் போகட்டும்."

"ஏங்க, புள்ள அழுவுது."

"போகட்டும்னு சொல்றேன்ல! சாயங்காலம் நானே போய்க் கூட்டிட்டு நேரா உன் தங்கச்சி வீட்ல விடுறேன். ரெண்டு நாள் சித்திகூட இருக்கட்டும்." பள்ளிக்கூடத்தில் ஐந்நூறு பிள்ளைகள், முப்பது டீச்சர்கள், பூட்டிய கேட். இதைவிடப் பத்திரமான இடம் எது? அவனே அவளைத் தூக்கிக்கொண்டுபோய், நெற்றியில் முத்தம் கொடுத்து வேனில் ஏற்றினான். கோபத்தில் அவள் டாட்டா காட்டவில்லை. வேன் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் அவனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

லேபுக்கு லீவு சொன்னான். வெள்ளைப் பெட்டியை மாடியில் நல்ல வெயிலில் வைத்தான். "வந்து வச்சிக்க. தொட மாட்டேன், சத்தியமாத் தொட மாட்டேன்" என்று யாருமில்லாத மாடியில் சத்தமாகவே சொன்னான். அதன்பிறகு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டான். அரைமணிக்கு ஒருதரம் ஷேடு கார்டு. பி-ஒன். பி-ஒன். கீழே இறங்கி வீட்டையும் அளந்தான். சுவிட்சுப் பலகை நேற்று இருந்தபடியே இருந்தது. ஃபிரிட்ஜிலும் மாற்றமில்லை. பூட்டைத் திறந்து முப்பத்தொரு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். புதிதாக ஒன்றுமில்லை. அந்த வாடைகூட இல்லை, அறையில் பழைய அட்டையின் மணம்தான் இருந்தது. மூன்று நாளாகத் தோளை இறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. போய்விட்டது. வெயிலைக் கண்டதும் வந்த வழியே போய்விட்டது! அவனுக்குச் சிரிப்பு வந்தது. டீ போட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, சனிக்கிழமை கட்டிலை எந்தச் சுவர் ஓரமாகப் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

டீ பாதி குடிக்கும்போது கை அப்படியே நின்றது.

செவ்வாய்க் கிழமையிலிருந்து அது ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. இன்று காலையிலிருந்து வீட்டில் எதையும் தொடவில்லை. மாடியிலும் தொடவில்லை.

அப்படியென்றால் எதை?

எழுந்தான். வாசல் கதவைத் திறந்தான். கதவின் உள்பக்கத்தில் ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் அழைப்புமணி பொத்தானின் வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் டீ நிறத்தில் இருந்தது. அதில் ஒரு விரல். மாடிப்படிக் கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையில் ஒன்று, நாலு படி தள்ளி இன்னொன்று, இறங்குகிற திசையில். கேட்டில் மாட்டியிருந்த தபால் பெட்டியில் ஒரு முழுக் கை, இங்கே நின்று காத்திருந்த மாதிரி. காலையில் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு அவன் வேனுக்காக நின்ற இடம் அது.

அவன் செருப்புக்கூடப் போடவில்லை.

பைக்கை எப்படி ஓட்டினான் என்று தெரியாது. சிக்னலில் யாரோ திட்டினார்கள். பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார், கையெழுத்துப் போடச் சொன்னார். எதையோ கிறுக்கினான். மைதானம் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. ஓடினான். பன்னிரண்டரை மணி. மரமில்லை, கூரையில்லை, மைதானம் முழுக்க வெள்ளை வெயில். அதில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வரிசை வரிசையாக நின்றன.

டிரில் மிஸ் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். "பட்டாணி அப்பாதானே? கவலப்படாதீங்க சார். உங்க பொண்ணுதான் இன்னிக்கு சூப்பர். மத்ததுங்க எல்லாம் கண்ணு கூசுது மிஸ்னு ஒரே அழுக. அவ காலைலேர்ந்து கொஞ்சங்கூட அசையாம நிக்கிறா."

பார்த்தான்.

எல்லாப் பிள்ளைகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் உள்ளங்கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில், கடைசியில், பட்டாணி மட்டும் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, கண்களை அகலத் திறந்து சூரியனுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கூசவில்லை. அவள் நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் நிழல் இருந்தது.

மேலே ஒன்றுமில்லை. பின்னாலும் ஒன்றுமில்லை. கொளுத்துகிற வெறும் வெளி.

அரைநாளில் முகம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. கன்னம், மோவாய், காது, கழுத்து எல்லாம். நிழல் விழுந்த இடம் மட்டும் காலையில் அவன் முத்தம் கொடுத்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. நான்கு விரல்கள். நீளமான விரல்கள். இடது நெற்றிப்பொட்டில் தொடங்கி, நெற்றியைக் கடந்து, வலது காதுக்குப் பின்னால் போய் மடங்கின.

"பட்டாணி!"

அவள் கண்கள் அவன் பக்கம் திரும்பின. தலை திரும்பவில்லை. அப்பாவைக் கண்ட சந்தோஷத்தில் உதடு விரிந்தது. வரிசையை விட்டு ஓடிவர அவள் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள், இன்னொரு காலையும் வைத்தாள். கைகள் அவனை நோக்கி நீண்டன. உடம்பு முழுக்க முன்னால் வந்தது.

தலை மட்டும் வரவில்லை. நெற்றிமேல் இருந்த நிழல் விரல்கள், ஒவ்வொன்றாக, இறுகின.